கசக்காமல் வைத்த பெட்டிகள்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் நீ போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாய். இரண்டு பிரேக் பேட் பெட்டிகள், பக்கத்துப் பக்கத்தில். கூடவே உன் குரல். "ம்மா, இதுல எது ஓரி, எது டூப்ளிகேட்டுன்னு பார்த்துச் சொல்லுங்க லா. கடை தொறக்கிறதுக்குள்ள எனக்கு இதச் சொல்லிக் குடுத்துருங்க." நான் பதில் போடவில்லை. இரண்டு நாள் கழித்து, "பார்த்தீங்களா இல்லையா?" என்று மறுபடியும் கேட்டாய். பார்த்தேன், பார்த்துவிட்டுத்தான் சும்மா இருந்தேன். அந்தக் கேள்விக்கு மட்டும் ஒரு வரியில் பதில் அடித்து அனுப்பிவிட்டு, மற்றதை இன்னொரு தடவை விழுங்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து தாளில் எழுதுகிறேன்.

கடிதத்தை ஒட்டாமல்தான் அனுப்புகிறேன். சித்தியவானில் நீ திறக்கப் போகும் கடைக்கு வருகிற யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். ஐந்து வருடத்துக்கு முன்னால் சிலிபினில் நம் பட்டறையில் உன் பெயர் கெட்டது நாலு பேர் எதிரில். அதைச் சரிசெய்வதை மட்டும் காதோடு காதாகச் செய்வது நியாயமில்லை. எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வாடிக்கையாளர் சூசை அண்ணன் காடியில் போட்ட அந்தப் பேடை வாங்கியது நீ இல்லை. நான்தான் வாங்கினேன். அன்றைக்கே அது எனக்குத் தெரியும். இதைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. நீ கேட்டதற்கும் பதில் இருக்கிறது, இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நீ அனுப்பிய படத்தில் வலது பக்கத்துப் பெட்டியின் மேல் மினுக்கும் ஒட்டுத்தாள் கொஞ்சம் கோணலாக இருக்கிறது. அதை வைத்து, அதுதான் போலி என்று நீ முடிவு கட்டியிருப்பாய். அவசரப்படாதே. இரண்டு பெட்டியுமே அசலாக இருக்கலாம், இரண்டுக்குள்ளும் குப்பை இருக்கலாம். பெட்டியைப் பார்த்துச் சாமானைச் சொல்கிறவர்களை நம்பாதே, அதில் பழைய நானும் சேர்த்தி. பெட்டியைத் திறந்து பேடைக் கையில் எடு. இரும்புத் தகட்டின் ஓரம் வழவழப்பாக இருக்க வேண்டும், வெட்டிய பிசிறு விரலில் குத்தக்கூடாது. தகட்டின் முதுகில் இருக்கும் எண்ணும் பெட்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார். எண் அச்சாக இருந்தால் துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் தேய்த்துப் பார், மலிவான மையாக இருந்தால் துணியோடு வந்துவிடும். பிறகு முக்கியமானது, தகடும் அதன் மேல் இருக்கும் உராயும் பகுதியும் சேரும் இடம். அதை வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிலும் பார். மயிரிழை இடைவெளி தெரிந்தாலும், நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்தாலும் அதைக் காடியில் போடாதே. கழற்றிய பழைய பேடையும் பக்கத்தில் வைத்துத் தூக்கிப் பார். கனம் வித்தியாசப்பட்டால் கை சொல்லிவிடும்.

எனக்கு இதெல்லாம் யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவில்லை. உன் அப்பா காடிக்கு அடியில் படுத்திருப்பார், நான் முன்னால் மேசையில் இருப்பேன். சாமான் வந்து இறங்குவதும், தப்பாக வந்தது திரும்பிப் போவதும் என் கை வழியாகத்தான். இருபது வருடம் ஆயில் பில்டரைத் தூக்கித் தூக்கிப் பார்த்தவளுக்கு எது கனம், எது டப்பா என்று தெரியாதா? "உங்கம்மா மோந்து பார்த்தே சொல்லிருவா" என்று உன் அப்பா வாடிக்கையாளர்களிடம் பெருமை பேசுவார். நானும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே அதைக் கேட்டு ரசிப்பேன். எல்லாம் எனக்குத் தெரியும் என்ற அந்த நினைப்பு தலைக்கு ஏறியதில்தான் கோட்டை விட்டேன்.

நம் கடையில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கும். காலையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலிருந்து மோட்டார் சைக்கிளில் சாமான்கள் வரும். எது எந்தக் காடிக்கு என்று குழம்பக்கூடாது என்பதற்காக, பெட்டியின் அடிமடிப்பைத் திறந்து, உள்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் காடியின் பிளேட் எண்ணைச் சின்னதாக எழுதிவிடுவேன். வெளியே எழுதினால், சாமான் அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பும்போது கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். உள்ளே எழுதினால் ஒருவருக்கும் தெரியாது. சாமானைப் போட்ட பிறகு வெறும் பெட்டி என்னிடம் வரும். மற்ற பட்டறைகளில் காலால் மிதித்துக் குப்பையில் போடுவார்கள். நான் போட மாட்டேன். எஸ்டேட் லயத்தில் பிறந்து, பிஸ்கட் டின்னில் அரிசியும் பால் டின்னில் உப்பும் வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவள் நான். நல்ல கெட்டியான அட்டைப் பெட்டியைக் கசக்க எனக்குக் கை வராது. அளவு வாரியாக அடுக்கி வைப்பேன், நீ கூட "ம்மா, மியூசியம் வைக்கப் போறீங்களா?" என்று கிண்டல் செய்வாய்.

அதை ஒரு ஆள் பார்த்து வைத்திருந்தார். மாதம் இரண்டு தடவை பழைய பேப்பர் எடுக்க லோரியில் வருவாரே, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, அவர்தான். ரொம்ப மரியாதையான மனிதர். "அக்கா, இந்தப் பெட்டியெல்லாம் மிதிக்காம அப்படியே குடுங்க லா, முழுசா இருந்தா எங்க தௌகே, மொதலாளி, சந்தோசப்படுவாரு" என்றார். முழுசாகக் கொடுத்தேன். அடுத்த தடவை வந்தபோது இரண்டு தம்பூன் பொமலோப் பழம் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பெட்டியை நன்றாக வைத்திருக்கிறேன் என்று என்னைப் பாராட்ட இந்த உலகத்தில் ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று எனக்கு ஒரே பூரிப்பு. பேப்பர் எடுக்கிறவருக்கு, பேர் போன கம்பெனிகளின் பெட்டி மட்டும் எதற்கு, மற்ற அட்டையை ஏன் தொடவே மாட்டேன் என்கிறார் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவரே, "அக்கா, என் மச்சான் பட்டறைய மூடிட்டாரு. மிச்ச சாமான் கொஞ்சம் கெடக்கு, எல்லாம் ஓரி. உங்களுக்குன்னுதான் எடுத்து வச்சேன்" என்று இரண்டு செட் பிரேக் பேட் நீட்டினார். சீல் உடையாத பெட்டி. நான் பெட்டியைப் பார்த்தேன். எழுத்து சரி, நிறம் சரி, ஒட்டுத்தாள் சரி. ஏன் சரியாக இருக்காது, பெட்டி அசல்தானே! வாங்கி ரேக்கில் வைத்தேன். உன் அப்பாவிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. அவசரத்துக்குச் சாமான் இல்லை என்று அவர் தவிக்கும் ஒரு நாளில் எடுத்துக் கொடுத்துப் பேர் வாங்கலாம் என்று இருந்தேன்.

அந்த நாள் வந்தபோது நான் கடையில் இல்லை, பல் வைத்தியரிடம் போயிருந்தேன். சூசை அண்ணன், மனைவி மேரி அக்காவை ஏற்றிக்கொண்டு லூமுட்டில் மகள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று காடியைக் கொண்டுவந்தார். பேட் தேய்ந்துவிட்டது என்று பார்த்து, ரேக்கில் இருந்ததை எடுத்து நீ போட்டாய். உன் வேலையில் ஒரு குறையும் இல்லை, அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். இரண்டு வாரம் ஓடியது. மறுபடி லூமுட் போய்விட்டுத் திரும்பும் வழியில், சிவப்பு விளக்கில் நிற்கப் போனபோது தகட்டிலிருந்து உராயும் பகுதி கழன்று போயிருக்கிறது. முன்னால் நின்ற லோரியின் பின்பக்கத்தில் போய் மோதினார்கள். சூசை அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. மேரி அக்காவுக்கு வலது மணிக்கட்டு உடைந்தது.

இழுவை லோரியில் காடி நம் கடைக்கு வந்த காலை நேரம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. சூசை அண்ணன், அவருடைய மருமகன், பக்கத்து டயர் கடைக்காரர், இன்னும் இரண்டு மூன்று பேர். உன் அப்பா எல்லார் எதிரிலும் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே வெறும் தகடு. "இது எங்கேருந்துடா வந்துச்சு?" என்றார். "தெரியலப்பா, ரேக்குல இருந்துச்சு, எடுத்துப் போட்டேன்" என்றாய். "தெரியாம எப்படி ரேக்குக்கு வரும்? போன்ல பார்த்து மலிவா வாங்குறதே ஒனக்கு வேலையாப் போச்சு. ஏர் பில்டர் வாங்குன, வைப்பர் வாங்குன, இப்ப இது!" என்று கத்தினார். "சத்தியமா நான் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு நீ என்னைப் பார்த்தாய். "ம்மா, பார்சல் எது வந்தாலும் நீங்கதானே வாங்குவீங்க, சொல்லுங்கம்மா." என் வாய் வரைக்கும் வந்தது. சூசை அண்ணன் சட்டையில் ஆஸ்பத்திரி மருந்து நாற்றம். டயர் கடைக்காரர் என்னையே பார்க்கிறார். மோந்து பார்த்தே சொல்கிறவள் ஏமாந்தாள் என்று இவர்கள் எல்லாரும் சிரிப்பார்களே என்று அந்த ஒரு நொடியில் நினைத்தேன். அப்புறம், "எனக்கு என்ன தெரியும்? எல்லாச் சாமானும் எங்கிட்ட சொல்லிட்டா வருது?" என்றேன்.

தம்பி, அந்த வாக்கியத்தை இந்த ஐந்து வருடத்தில் நான் எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று கணக்கே இல்லை. அன்று நீ கை கழுவிவிட்டு உள்ளே போனாய். மறுநாள் காலையில் குப்பைத் தொட்டியைக் காலி செய்யும்போது அந்தப் பேட் பெட்டி மேலே கிடந்தது. எடுத்து அடிமடிப்பைத் திறந்தேன். என் கையெழுத்து. முந்தின வருடம் நாம் பேட் மாற்றிக் கொடுத்த ஒரு வெள்ளைக் காடியின் எண். நான் அடுக்கி வைத்துக் கொடுத்த பெட்டிக்குள்ளேயே குப்பையைப் போட்டு, ஒட்டி, என் தலையிலேயே கட்டியிருக்கிறார் அந்த மரியாதையான மனிதர். ரேக்கில் இருந்த இன்னொரு செட்டை உடைத்துப் போட்டேன். அடுத்த தடவை அவர் வந்தபோது அவர் கண் எதிரிலேயே பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கிழித்தேன். அதன் பிறகு அவர் வரவே இல்லை. புகார் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தால், வாங்கியது யார் என்று கேட்பார்களே என்று அதையும் செய்யவில்லை.

அடுத்த மூன்று மாதம் உனக்கு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும், மேசையில் உட்கார்ந்திருந்தது நான்தானே. "அந்தப் பையன் கை வைக்க வேணாம் அக்கா, அண்ணனே பார்க்கட்டும்" என்று என்னிடமே வந்து சொன்னார்கள். சரி சரி என்று தலையாட்டினேன். நீ லூமுட்டில் வேலை கிடைத்தது என்று சொல்லி மூட்டை கட்டியபோது, வெளியூர் போய் நாலு இடம் பார்த்தால் நல்லதுதான் என்று உன் அப்பாவிடம் வியாக்கியானம் வேறு சொன்னேன். தீபாவளிக்கு வருவாய், அரை நாள் இருப்பாய். அப்பாவும் நீயும் "சாப்டியா", "சாப்டேன்" என்பதோடு முடித்துக்கொள்வீர்கள். அதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும், இந்தத் தீபாவளி போகட்டும், அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று ஆறப்போட்டேன்.

உன் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. பேர் பெரிதாக இருந்தால் நல்ல சாமான் என்று நாம் நினைக்கிறோம். போலி செய்கிறவனும் அதையேதான் நினைக்கிறான். பேரே கேள்விப்படாத கம்பெனியின் சாமானை யாரும் காப்பி அடிப்பதில்லை, அது நல்லதோ மட்டமோ, அதுவாகவே இருக்கும். காடிக் கம்பெனியின் பெயர் போட்ட பெட்டியில் வருவதும், அதைச் செய்து கொடுக்கும் தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் விற்பதும் பல நேரங்களில் ஒரே சாமான்தான், அதை மட்டம் என்று ஒதுக்காதே. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் இருக்கும் எழுத்து நகத்துக்கு உரியக்கூடாது. ஆயில் பில்டரின் ஓட்டைகள் வழியாக உள்ளே பார், ரப்பர் ஒரே சீராக உட்கார்ந்திருக்க வேண்டும். பேரிங்கைக் கையில் சுற்றி, காதில் வைத்துக் கேள். ஆனால் இதெல்லாம் தெரிந்த பிறகும் நீ ஏமாறலாம், அவர்களும் நாளுக்கு நாள் கெட்டிக்காரர்கள் ஆகிறார்கள். அதனால் யாரிடம் வாங்கினாய் என்பது எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். பில் இல்லாத சாமான் ரேக்கில் ஏறக்கூடாது, கொண்டுவந்தது உன் அம்மாவாக இருந்தாலும். போட்டு முடித்ததும் பெட்டியை வாடிக்கையாளர் எதிரிலேயே குறுக்கே கிழி, ஒட்டுத்தாளைப் பிய்த்துவிடு. கழற்றிய பழைய சாமானை அவர் கையில் காட்டிக் கொடு. ஏமாந்து போனால் அன்றைக்கே வாய் திறந்து சொல்லிவிடு. இதில் கஷ்டமானது கடைசியில் சொன்னதுதான்.

இவ்வளவும் எழுதிவிட்டு நேற்று முன்தினம் நிறுத்தினேன். உன் அப்பாவுக்குத் தெரியாமல் இதை உனக்கு அனுப்பினால் அது இன்னொரு திருட்டுத்தனம் என்று தோன்றியது. மறுநாள் காலையில் அவர் பசியாறிக்கொண்டிருந்தபோது எதிரில் உட்கார்ந்து, "என்னங்க, அந்தப் பேட வாங்கி வச்சது நான்தான், பெட்டியும் நான் குடுத்த பெட்டிதான்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தோசையைப் பிய்த்தபடியே இருந்தார். பிறகு, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்குச் சாயந்திரமே தெரியும். பெட்டிய மொதல்ல பிரிச்சுப் பார்த்ததே நான்தான். ஒன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நீ அடுக்கி வச்சதுலேருந்து எடுத்துப் பார்த்துட்டுக் குப்பையில போட்டேன்."

"அப்புறம் ஏங்க சும்மா இருந்தீங்க?"

"வாய விட்டாச்சு. அத மாத்தணும்னா ஒன்ன எல்லார் முன்னாலயும் சொல்லணும். அவன் சின்னப் பையன், தாங்கிக்குவான்னு நெனச்சேன். நீயே சொல்லுவ, சொல்லுவன்னும் பார்த்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் அவருடைய தட்டைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அங்கே போய் நின்ற பிறகுதான், இந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று உறைத்தது. அவர் எனக்காக வாயை மூடினார், நான் எனக்காக வாயை மூடினேன். உன்னைக் குற்றம் சொன்ன வீட்டில், அன்று சாயந்திரத்துக்குப் பிறகு அந்தக் குற்றத்தை நம்பியவர் ஒருவர் கூட இல்லை. அவருடைய பங்கையும் எழுதட்டுமா என்று கேட்டேன். எழுது என்றார்.

நேற்று இரண்டு பேரும் சூசை அண்ணன் வீட்டுக்குப் போனோம். மேரி அக்காவுக்கு அந்தக் கை இன்னும் முழுதாகத் திரும்பாது, கதவைத் திறக்க இடது கையைத்தான் கொடுக்கிறார். உட்கார வைத்து, எல்லாவற்றையும் கேட்டார்கள். சூசை அண்ணன் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். மேரி அக்கா தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "அந்தப் பையன் ஊர விட்டுப் போறதுக்கு முன்னால என்ன எங்க பார்த்தாலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிருவான். நானும் கோவத்துல கூப்பிடல" என்றார். பிறகு, "அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். "இன்னும் இல்லக்கா, இனிமேதான்" என்றேன். "அப்ப எங்கிட்ட எதுக்கு மொதல்ல வந்தீங்க?" என்றார். இன்று மீதியை எழுதி முடிக்க உட்கார்ந்தேன். பயனீட்டாளர் குறை கேட்கும் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய புகாரை உன் அப்பா மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி சித்தியவானுக்கு வருகிறோம். உனக்கு இந்தக் கடிதம் அதற்கு முன்பே கிடைத்துவிடும். உன் அப்பா நேரிலும் சொல்ல வேண்டும் என்கிறார். உன் குணம் எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்ததுமே, "பரவால்லப்பா, விடுங்க, உள்ள வாங்க" என்று சொல்லிவிடுவாய். அப்படிச் சொல்லாதே. அவரும் நானும் எல்லாவற்றையும் வாய் விட்டுச் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேள். அப்புறம் உனக்குக் கோபம் வந்தால் கத்து, அன்றைக்கு அதற்குக்கூட நாங்கள் உனக்கு இடம் கொடுக்கவில்லை. எங்களை உடனே மன்னித்துவிடாதே, தம்பி. கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்க விடு.

அம்மா